பக்கத்து லேனில் நிற்பவர்

(டெக்சாஸ் மாநிலம் டாலஸ் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நாட்டில் துப்பாக்கியைப் பற்றி ஒருவர் மேடையேறினால், அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்ளத்தான் அவை முதலில் காத்திருக்கும். துப்பாக்கி உரிமை வேண்டுமா கூடாதா என்ற அந்த வழக்கை நான் இன்று தொடப் போவதில்லை. ஊரிலிருந்து மச்சான் வந்தால், கல்லூரித் தோழர்கள் ஒன்றுகூடினால், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வந்தால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் நாலு ரவுண்டு சுட்டுவிட்டு வருவது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. இந்த அரங்கில் இருப்பவர்களிலேயே பலர் போயிருப்பீர்கள். அப்படிப் போகிறவர்கள் தங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது நல்ல பயம், இருக்கட்டும். ஆனால் ஐந்தடி தள்ளி, பக்கத்து லேனில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவர் கையிலும் குண்டு போட்ட துப்பாக்கி இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. நான் பேச வந்தது அவரைப் பற்றி.

சில ஆண்டுகளாக ஒரு கவுன்டி ரேஞ்சில் வார இறுதிகளில் ரேஞ்ச் ஆபீசராகத் தொண்டு செய்கிறேன். நிற்கும் நேரம் முழுவதும் சுடுகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. இலக்கில் குண்டு எங்கே பட்டது என்று நான் பார்ப்பதே இல்லை.

அந்தப் பக்கத்து லேன்காரர் எப்படி அங்கே வந்தார் என்று பாருங்கள். கடையில் துப்பாக்கி வாங்கினால் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை உண்டு. ரேஞ்சுக்குள்ளேயே வாடகைக்கு எடுத்து, அங்கேயே சுட்டு, அங்கேயே திருப்பிக் கொடுப்பதென்றால் கூட்டரசுச் சட்டப்படி அந்தப் படிவமும் கிடையாது, அந்தச் சோதனையும் கிடையாது. அவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுகிறார். விபத்து நேர்ந்தால் ரேஞ்சின் மீது வழக்குப் போடமாட்டேன் என்ற தாளில் கையெழுத்துப் போடுகிறார். சில இடங்களில் சில நிமிட வீடியோ ஒன்று காட்டுகிறார்கள். குடித்திருக்கிறீர்களா, குற்றப் பின்னணி உண்டா என்ற கட்டங்களில் அவரே டிக் போட்டுக்கொள்கிறார். அதைச் சரிபார்க்க அந்தக் கவுண்டரில் ஆள் இல்லை. சொந்தத் துப்பாக்கியோடு வருகிறவருக்குப் பல இடங்களில் இந்த அளவுகூடக் கேள்வி இல்லை. நம் டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமமும் பயிற்சியும் இல்லாமலே பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அதற்கு முன் உரிமத்துக்காக ஒரு வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது, சுட்டுக் காட்டித் தேற வேண்டியிருந்தது. இன்று ஒருவர் வாழ்க்கையில் முதல்முதலாக விசையை இழுப்பது, ரேஞ்சில் உங்களுக்குப் பக்கத்தில் நின்றபடியாகவே இருக்கலாம்.

உங்களில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் குப்புறப் படுத்துச் சுட்ட அந்தக் காலை நேரம் நினைவிருக்கும். எண்ணித் தருவார்கள் தோட்டாவை. சுட்டு முடித்ததும் காலி உறையை எண்ணி வாங்கிக்கொள்வார்கள், ஒன்று குறைந்தால் எல்லாரும் புல்லுக்குள் தேட வேண்டும். ஹவில்தார் சொல்லாமல் போல்ட்டைத் தொட முடியாது. எழுந்திரு என்றால்தான் எழலாம். துப்பாக்கி, தோட்டா, கட்டளை மூன்றும் ஒரே கையில் இருந்த இடம் அது. இங்கே பொது ரேஞ்சில் துப்பாக்கி சுடுகிறவர் கையில், தோட்டாவும் அவருடையது, எவ்வளவு வேகமாகச் சுடுவது என்பதும் பெரும்பாலும் அவர் விருப்பம். கட்டளை மட்டும் ரேஞ்ச் ஆபீசருடையது. அப்படி ஒரு ஆபீசர் கட்டாயம் நிற்க வேண்டும் என்றும் கூட்டரசுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

இப்படிச் சொல்வதால் பொது ரேஞ்சே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவை இருப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் என்று வசூலாகும் வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் ரேஞ்ச் கட்டுவதற்கும் மாநிலங்களுக்குப் போகிறது. லாஸ் வேகாஸ் பக்கத்தில் கிளார்க் கவுன்டி நடத்தும் ரேஞ்ச் வளாகம் 2,900 ஏக்கர். பீனிக்ஸ் நகருக்கு வடக்கே அரிசோனா வேட்டை, மீன்வளத் துறை நடத்தும் பென் ஏவரி ரேஞ்சும் மிகப் பெரியது. இவை இல்லையென்றால் மக்கள் பாலைவனத்தில், காட்டோரத்தில், யாரோ ஒருவரின் பண்ணையில் கண்ட இடத்தில் சுடுவார்கள். மண்மேடும் கோடும் கட்டளையும் உள்ள இடம் எப்போதும் மேல். ஆனால் அந்த மேடு குண்டைத்தான் தடுக்கும். பக்கவாட்டில் திரும்பும் ஒரு கையைத் தடுக்க மனிதர்கள்தான் வேண்டும்.

துப்பாக்கி பிடிக்கும் எவரும் தெரிந்துகொள்ளும் நான்கு விதிகள் உண்டு. அவற்றை இன்றைய வடிவில் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் அதிகாரி. 1976-இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருக்கிற துப்பாக்கியாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசையில் படக்கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு. இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒருவர் ஒன்றை மீறினாலும் மற்ற மூன்றும் காப்பாற்றிவிடும். உயிர் போவதென்றால் ஒரே நொடியில் இரண்டு மூன்று விதிகள் சேர்ந்து உடைய வேண்டும். கூட்டமான ரேஞ்சில், புதியவர் கையில், அவை அப்படிச் சேர்ந்து உடைகின்றன.

எப்படி உடைகிறது என்று சொல்கிறேன். புதிதாகச் சுடுகிறவர் பத்து முறை சுடுகிறார். இலக்கின் நடுவில் ஒன்று பட்டுவிடுகிறது. மகிழ்ச்சி தாங்காமல் பின்னால் நிற்கும் நண்பர்களைப் பார்த்துத் திரும்புகிறார். தலை மட்டும் திரும்புவதில்லை. தோள் திரும்புகிறது, கை திரும்புகிறது, முனையும் திரும்புகிறது. பக்கத்து லேனைக் கடந்து, பின்னால் போன் பிடித்து நிற்கிறவரின் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கிறது. விரல் இன்னும் விசைமேல் இருக்கிறது. இன்னொருவருக்குத் தோட்டா சிக்கிக்கொள்கிறது. என்ன செய்வது என்று கேட்கத் துப்பாக்கியோடு என்னை நோக்கித் திரும்புகிறார். இரண்டு பேருமே நல்லவர்கள். கையில் இருப்பது போன் என்றால் எப்படித் திரும்புவார்களோ அப்படித் திரும்பினார்கள். நம்மவர்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: படம் எடுக்கும் ஆசைதான் முனையை அதிகம் திருப்புகிறது. ஒருவரைச் சுட விட்டுப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். படம் வேண்டுமென்றால், சுட்டு முடித்து, மேகசினைக் கழற்றி, காலி என்று உறுதி செய்து, துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்த பிறகு எடுங்கள்.

ரைஃபிள் ரேஞ்சில் ஒரு நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நூறு கெஜத்தில் இலக்குத் தாள்கள். அவற்றை மாற்ற எல்லாரும் நடந்து போக வேண்டும். அதற்காக ரேஞ்ச் ஆபீசர் “சீஸ் ஃபயர்”, அதாவது சுடுவதை நிறுத்துங்கள் என்று சொல்வார். எல்லாத் துப்பாக்கியும் திறந்த நிலையில், மேகசின் வெளியே, தோட்டா அமரும் சேம்பருக்குள் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கொடி செருகி, பெஞ்சில் கிடக்க வேண்டும். பெஞ்சுகளுக்குப் பின்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். போகாதவர்கள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது பெஞ்சில் இருக்கும் எதையும் தொடக்கூடாது. துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாப் பெட்டியையும்கூட. ரேஞ்சில் இதைவிடப் பெரிய விதி இல்லை.

அன்று பதினைந்து பேர் போல முன்னால் போயிருந்தார்கள். ஒரு தகப்பனும் மகளும் ஸ்டேப்ளர் வைத்துப் புதுத் தாள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தாளின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டின் அந்த முனையில் ஒருவருடைய கொடியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புகிறேன், இந்த முனையில் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து, ரைஃபிளின் பின்புறத்தைத் தோளில் சாய்த்து, ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் தாளில் எங்கே பட்டது என்று பார்க்கிறார். ஸ்கோப் பார்க்கும் இடமெல்லாம் குழலும் பார்க்கும். அந்த வட்டத்துக்குள் அந்தப் பெண்ணும் இருந்தாள்.

நான் கத்தினேன். அவர் பதறிப்போய்க் கையை எடுத்தார். சேம்பர் காலிதான், கொடியும் இருந்தது. நாற்பது வருடமாகச் சுடுகிறேன் என்றார், மன்னிப்புக் கேட்டார், அன்றைக்கு அனுப்பிவிட்டோம், சண்டை போடாமல் போனார். அதோடு அது முடிந்தது. என்னை உலுக்கியது வேறு. அவருக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி, கோட்டுக்குப் பின்னால், நம்மூர்த் தம்பி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். பிறகு தனியாகக் கேட்டேன், “பார்த்தீங்கல்ல தம்பி, ஏன் சொல்லல?” அவர் சொன்ன பதில்: “அவரு பெரியவருண்ணா. நாப்பது வருஷமா சுடறவரு. நான் வந்ததே ரெண்டாவது தடவை. நான் போய் எப்படிண்ணா சொல்றது?”

நண்பர்களே, நான் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் அந்தப் பதில்தான். வயதில் மூத்தவரிடம், அனுபவஸ்தரிடம், இந்த மண்ணுக்காரரிடம் குரல் உயர்த்தக்கூடாது என்ற அடக்கம் நமக்குப் பிறந்ததிலிருந்து சொல்லிக் கொடுக்கப்பட்டது. நமக்கேன் வம்பு என்று ஒதுங்குவதும் அதோடு சேர்ந்தே வந்தது. அலுவலகத்திலும் கோயிலிலும் அந்த அடக்கம் அழகு. ரேஞ்சில் அது ஆளைக் கொன்றுவிடும்.

ஏனென்றால் இந்த நாட்டு ரேஞ்சுகளில் எழுதப்பட்ட விதி ஒன்று இருக்கிறது. “சீஸ் ஃபயர்” என்று கத்தும் உரிமை ரேஞ்ச் ஆபீசருக்கு மட்டும் உரியதன்று. ஆபத்தைப் பார்த்த எவரும் கத்தலாம். முதல் முறை வந்தவர் கத்தலாம். துப்பாக்கியையே தொடாமல் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் பாட்டி கத்தலாம். கத்தியவர் சொன்னது சரியா தப்பா என்று யாரும் அந்த நொடியில் விசாரிக்கமாட்டார்கள். முதலில் எல்லாரும் நிறுத்த வேண்டும், பிறகுதான் கேள்வி. ஒன்றுமில்லாததற்குக் கத்திவிட்டால் யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். திட்டுகிற ரேஞ்சாக இருந்தால் அங்கே மறுபடி போகாதீர்கள். சுடும் இடத்தில் ஒரு புதியவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய அதிகாரம் இது. அதை நம்மவர்கள் பயன்படுத்தி நான் பார்த்ததே குறைவு.

கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத ஆபத்துகளும் உண்டு. 2016 ஜூலையில் புளோரிடாவின் சரசோட்டாவில் ஒரு தகப்பன் பிள்ளைகளோடு உள்ளரங்க ரேஞ்சுக்குப் போனார். சுட்டபோது வெளியே தெறித்த சூடான காலி உறை சுவரில் பட்டுத் திரும்பி, அவர் சட்டைக்குள் முதுகுப் பக்கம் விழுந்தது. அதை எடுக்க, துப்பாக்கி பிடித்த கையையே பின்னால் கொண்டுபோனார். துப்பாக்கி வெடித்தது. பின்னால் நின்ற அவருடைய 14 வயது மகன் இறந்துபோனான். அந்தத் தகப்பனைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். தோல் சுட்டால் கை தானாகப் போகும், யாருக்கும் போகும். அதனால்தான் முதலில் துணியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கழுத்துவரை மூடிய சட்டை போடுங்கள். கழுத்து இறங்கிய குர்த்தியும் டாப்பும் வேண்டாம், செருப்பு வேண்டாம், முன்பக்கம் நீண்ட தொப்பி வையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உறை உள்ளே விழுந்தால் சுடட்டும். சின்னக் கொப்புளம்தான் வரும். முனையை இலக்குப் பக்கமே வைத்துத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்புறம் உதறுங்கள். போகிறதற்கு முன் வீட்டிலேயே இதைப் பிள்ளைகளிடமும் மனைவியிடமும் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள். உங்கள் பக்கத்து லேன்காரர் திறந்த கழுத்துச் சட்டையோடு நின்றால், உங்கள் காலி உறைகள் அவர் மீது விழுகின்றனவா என்றும் பாருங்கள். விழுந்தால் ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லி லேன் மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2014 ஆகஸ்ட் 25 அன்று அரிசோனாவின் ஒயிட் ஹில்ஸில், லாஸ் வேகாஸ் சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் ஒரு ரேஞ்சில், 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் ஊஸி சப்மெஷின் கன் கொடுக்கப்பட்டது. முதலில் ஒற்றைக் குண்டு சுட்டாள். பிறகு பயிற்சியாளர் தானியங்கி நிலைக்கு மாற்றிக் கொடுத்தார். அதன் உதைப்பைத் தாங்க அந்தச் சின்னக் கைகளால் முடியவில்லை. துப்பாக்கி மேலே இடப்பக்கமாக எழும்பியது. இடப்பக்கம் நின்றிருந்த பயிற்சியாளர் தலையில் சுடப்பட்டு இறந்தார். அங்கே 8 வயதுப் பிள்ளைகளுக்கே அனுமதி இருந்தது. அனுமதி இருப்பதால் ஒரு காரியம் சரியாகிவிடாது. குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால், ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்ட, உதைப்பு மிகக் குறைந்த பாயிண்ட் டூ டூ ரைஃபிளில், ஆள் குறைந்த வார நாள் காலையில் சொல்லித் தாருங்கள். சனிக்கிழமை மதியம் எல்லா லேனும் நிரம்பியிருக்கும்போது வேண்டாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கவனக்குறைவு. வேண்டுமென்றே நடப்பதும் உண்டு. ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ படம் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய கதையோ அந்தக் கிறிஸ் கைல் 2013 பிப்ரவரி 2 அன்று கொல்லப்பட்டது போர்க்களத்தில் அல்ல. நம் டெக்சாஸின் ஈரத் கவுன்டியில், ஒரு தங்கும் விடுதிக்குச் சொந்தமான துப்பாக்கி ரேஞ்சில். மனம் நொந்திருந்த முன்னாள் மரைன் வீரர் ஒருவருக்கு உதவ, அவருடைய தாய் கேட்டுக்கொண்டதால், கைலும் நண்பர் சாட் லிட்டில்ஃபீல்டும் அவரை அழைத்துப் போனார்கள். போகும் வழியிலேயே அவர் போக்கு சரியில்லை என்று இருவரும் ஒரே வண்டியில் இருந்தபடி ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டார்கள். வழக்கு விசாரணையில் அது வெளிவந்தது. ரேஞ்சில் அவர் இருவரையும் சுட்டபோது இருவர் இடுப்பிலும் கைத்துப்பாக்கி இருந்தது, ஒன்றுகூட உறையிலிருந்து எடுக்கப்படவில்லை. உலகமே கொண்டாடிய சுடும் திறமை, பின்னால் நின்றவரிடமிருந்து காப்பாற்றவில்லை. மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அந்த உணர்வை மதியுங்கள். பக்கத்து லேனில் நிற்பவர் தள்ளாடுகிறார், தனக்குத்தானே பேசுகிறார், ஆத்திரத்தோடு சுடுகிறார், கட்டளையை மதிக்கவில்லை என்றால் காரணம் தேட வேண்டாம். துப்பாக்கியைக் காலி செய்து, பையில் வைத்து, ரேஞ்ச் ஆபீசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கட்டிய பணம் போகட்டும்.

தன்னைத்தானே சுட்டுக்கொள்ள ரேஞ்சுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். சொல்வதற்கே வருத்தமான விஷயம், ஆனால் மறைக்கக்கூடாது. அதனால்தான் பல ரேஞ்சுகளில் தனியாக, சொந்தத் துப்பாக்கி இல்லாமல் முதல் முறை வருகிறவருக்கு வாடகைக்குத் தருவதில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009-இல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், சில நாட்களுக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன் பிறகு அங்கே கடைக்காரர்களும் பொது சுகாதாரத் துறையினரும் சேர்ந்து, எந்த அறிகுறியைப் பார்த்து விற்க மறுக்க வேண்டும் என்று கடைகளுக்குச் சொல்லித்தரும் திட்டம் தொடங்கினார்கள். வேறு பல மாநிலங்களும் அதை எடுத்துக்கொண்டன. தனியாக வராதே என்று கவுண்டரில் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வில் இருக்கும் நண்பரை, கொஞ்சம் மனசு மாறட்டும் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப் போகவே கூடாது. இந்த நாட்டில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

ரேஞ்சுக்கு வெளியே இருப்பவர்களும் நமக்கு முன்பின் தெரியாதவர்கள்தான். பாயிண்ட் டூ டூ தோட்டாப் பெட்டியை எடுத்துப் படியுங்கள். குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று அதிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்குப் பக்கத்தில் 2021 டிசம்பர் 30 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பயிற்சித் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3 அன்று இறந்துவிட்டான். பயிற்சி பெற்ற படை, முறையான தளம், அப்படியும் அது நடந்தது. ஆகவே மண்மேட்டுக்கு மேலே முனை ஏறுகிறதா என்று பக்கத்தவர் கையையும் பாருங்கள். குழலை வானத்தைப் பார்க்க வைத்துத் தோட்டா ஏற்றுவதைச் சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. ரேஞ்சில் பல இடங்களில் அதற்கே வெளியேற்றிவிடுவார்கள், சரியாகத்தான் செய்கிறார்கள்.

இனிச் சத்தமும் ஈயமும், சுருக்கமாக. ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கிகளின் சத்தமும் 140 டெசிபலுக்கு மேல். ஒரே ஒரு முறை வெறும் காதில் கேட்டாலும் கேட்கும் திறன் குறையலாம். உள்ளரங்கில் காதுக்குள் செருகுவதும் காதின் மேல் போடுவதும் இரண்டும் போடுங்கள். மின்னணுக் காதுக் கவசம் கிடைத்தால் அதுவே சிறந்தது. வெடிச்சத்தத்தைக் குறைக்கும், மனிதக் குரலைக் கேட்கவிடும், “சீஸ் ஃபயர்” காதில் விழும். சுடும்போது எழும் புகையில் உள்ள ஈயம் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் சுடுகிறவரின் புகையையும் நீங்கள்தான் மூச்சில் இழுக்கிறீர்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் உள்ளரங்க ரேஞ்சுக்கு வரவே வேண்டாம். கைகழுவாமல் எதையும் தின்னாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

பக்கத்து லேனிலிருந்து படீரென்று வர வேண்டிய சத்தத்துக்குப் பதிலாகச் சப்பென்று மெலிந்த சத்தம் கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த முறை அவர் சுட்டால் குழல் வெடிக்கலாம், துண்டு உங்கள் பக்கமும் வரலாம். இதற்கும் கத்தலாம், கத்த வேண்டும். முந்நூறு பிளாக்அவுட் என்ற வகைத் தோட்டாவைத் தவறுதலாக இருநூற்று இருபத்து மூன்று என்ற வகை ரைஃபிளில் போட்டுவிட்டால் அதுவும் உள்ளே போய் உட்காரலாம், சுட்டால் துப்பாக்கியே பிளக்கலாம். இரண்டையும் ஒரே பெஞ்சில் பரப்பி வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இப்போது நம் வீடுகளுக்கு நேராக வரும் ஒரு விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, சுற்றுலா விசா என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கவுண்டரில் கேட்காமல் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார்கள், நீங்களும் படம் எடுத்து எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவீர்கள். ஊரிலிருந்து வந்த மச்சானை அழைத்துப் போகும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். இதை எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேரின் முகம் வெளுத்துவிட்டது.

எந்த ரேஞ்சுக்குப் போவது என்று கேட்பீர்கள். முதலில் துப்பாக்கி இல்லாமல் போய்ப் பத்து நிமிடம் பின்னால் நின்று பாருங்கள். ரேஞ்ச் ஆபீசர் போனைப் பார்க்கிறாரா, கைகளைப் பார்க்கிறாரா? ஒருவர் முனையைத் திருப்பினால் உடனே தடுக்கிறாரா, பழகியவர் என்று விட்டுவிடுகிறாரா? முதல் முறை வருகிறவருக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறதா? அந்தப் பத்து நிமிடத்தில் மனசு ஒப்பவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். குழுவாகப் போனால் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் சுடுங்கள். மற்றவர் சுடுகிறவரைப் பார்க்க வேண்டாம், அக்கம்பக்கத்துக் கைகளைப் பார்க்கட்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் என் மேசை இருக்கும். சுட முடியாத நீலநிற ரப்பர்த் துப்பாக்கியும், மஞ்சள் கொடியும் வைத்திருக்கிறேன். பெரியவர்கள், அம்மாக்கள், கூச்சம் அதிகமுள்ளவர்கள் முதலில் வாருங்கள். நான் பக்கத்து லேன்காரராக நின்று முனையைத் தப்பாகத் திருப்புவேன். நீங்கள் “சீஸ் ஃபயர்” என்று இந்த அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்த வேண்டும். மெதுவாகச் சொன்னால் மறுபடி சொல்ல வைப்பேன். கத்திப் பழகாமல் யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள்.